எரிமலைத் தீவுகளில் கப்பல் நிற்கும் அந்த ஒன்பது மணி நேரம்

கேட்டவரின் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரக் கப்பல் சுற்றுலா. மதீரா, லா பால்மா, டெனெரீஃப், கிரான் கனாரியா, லான்சரோட்டே என்று ஐந்து தீவுகள். ஒவ்வொன்றிலும் காலை எட்டு மணிக்கு இறக்கிவிட்டு மாலை ஐந்துக்குள் ஏறிவிடச் சொல்கிறார்கள். "ஐந்துமே எரிமலைத் தீவாமே, எல்லா இடத்திலும் அதே கறுப்புக் கல்தானே இருக்கும்? ஒன்றை மட்டும் ஒழுங்காகப் பார்த்துவிட்டு மற்ற நாட்களில் கப்பலிலேயே இருந்துவிடலாமா? கப்பலில் விற்கிற டூரை வாங்குவதா, தனியாகப் போவதா? அம்மாவும் வருகிறார், அவருக்கு முழங்கால் வலி."

கறுப்புக் கல் எல்லா இடத்திலும் இருக்கும், உண்மைதான். ஆனால் ஐந்தும் ஐந்து வயதில் இருக்கின்றன. லா பால்மா கடலுக்கு மேலே வந்து இருபது லட்சம் ஆண்டுகூட ஆகவில்லை. லான்சரோட்டேவுக்கு ஒன்றரைக் கோடி ஆண்டு இருக்கும். மதீரா தவிர மற்ற நான்கும் ஸ்பெயினின் கனாரித் தீவுகளைச் சேர்ந்தவை. அந்தத் தீவுகளில் பொதுவாகக் கிழக்கே போகப் போக வயது கூடும், மேற்கே போகப் போகக் குறையும். பூமிக்கு அடியிலிருந்து சூடான பாறைக்குழம்பு மேலே வரும் இடம் ஏறத்தாழ நிலையாக இருக்க, அதற்கு மேலே கடல் தரை மெல்ல நகர்ந்துகொண்டே போகிறது என்பதுதான் இதற்குப் பெரும்பாலான நிலவியலாளர்கள் சொல்லும் விளக்கம். ஹவாய்த் தீவுகளும் இப்படித்தான்: ஒரு முனையில் இன்னும் எரிந்துகொண்டிருக்கும் பெரிய தீவு, மறுமுனைப் பக்கம் ஐம்பது லட்சம் ஆண்டுப் பழமையான, மழை அரித்த காவாய்.

விமானத்தில் போய் ஒரே தீவில் தங்குகிறவருக்கு இந்த வரிசை கண்ணில் படாது. கப்பலில் போகிறவருக்குத் தினம் காலையில் ஒரு வயது கண் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் ஒவ்வொரு துறைமுகத்திலும் 'இந்தத் தீவில் மட்டும் என்ன தெரியும்?' என்று கேட்டு அந்த ஒன்றை மட்டும் பாருங்கள். ஐந்து இடத்திலும் 'எரிமலையும் ஒயினும்' என்று பெயர் போட்ட டூரை வாங்கினால், நீங்கள் பயப்படுகிற மாதிரியே எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

லான்சரோட்டேவை முதலில் எடுத்துக்கொள்கிறேன், எனக்கு இந்த ஐந்தில் மிகவும் பிடித்தது அதுதான். தீவு பழையது. ஆனால் அதன்மேல் புதுத் தோல் ஒன்று போர்த்தியிருக்கிறது. 1730 செப்டம்பர் முதல் தேதி இரவு தென்மேற்கில் நிலம் பிளந்து, 1736 வரை வெடிப்பு விட்டுவிட்டுத் தொடர்ந்தது. ஆறு ஆண்டுகள்! தீவின் கால்பங்கு லாவாவுக்கும் சாம்பலுக்கும் அடியில் போய்விட்டது. அன்று அதிகம் விளைந்த நிலமும் அதில் அடக்கம். யைசா ஊர்ப் பாதிரியார் அந்த ஆரம்ப நாட்களில் பார்த்ததைத் தேதி போட்டு எழுதி வைத்ததால், எந்தக் கிராமம் எப்போது போனது என்பது இன்றும் தெரிகிறது. அந்த இடம்தான் திமான்ஃபாயா தேசியப் பூங்கா.

அர்ரெசிஃபே துறைமுகத்திலிருந்து வண்டியில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். உள்ளே நீங்களாக நடக்க முடியாது. பூங்காவின் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால், லாவாவுக்கு நடுவே வெட்டிய ஒற்றைச் சாலையில் 14 கிலோமீட்டர் சுற்றிக் காட்டுவார்கள். "இறக்கிவிட மாட்டார்களா?" என்று பலர் குறைபட்டுக்கொள்வார்கள். நான் பூங்காக்காரர்கள் பக்கம். அங்கே மழை மிகக் குறைவு, செடி முளைப்பது அதைவிடக் குறைவு. ஒரு காலடித் தடம் அழியப் பல ஆண்டுகள் ஆகும். தினமும் வந்து இறங்கும் கப்பல் கூட்டம் முழுக்க நடந்தால் என்ன மிஞ்சும்?

பேருந்து கிளம்பும் மேட்டில் மூன்று விஷயங்கள் செய்து காட்டுவார்கள், அதை அவசரப்படாமல் பாருங்கள். ஊழியர் ஒருவர் தரையிலிருந்து ஒரு பிடி சரளையை அள்ளி உங்கள் கையில் போடுவார். நீங்கள் உடனே கையை உதறுவீர்கள், அவர் சாவகாசமாக நிற்பார். அடுத்து ஒரு குழிக்குள் காய்ந்த முள்செடியைக் கவைக்கோலால் தள்ளுவார். நெருப்புப் பெட்டி எதுவும் இல்லை; முதலில் புகை வரும், அப்புறம் பக்கென்று தீ பிடித்துக்கொள்ளும். கடைசியாக, தரையில் இறக்கிய ஒரு இரும்புக் குழாய்க்குள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சட்டென்று பின்வாங்குவார். ஓரிரு நொடியில் தண்ணீர் நீராவியாக வெடித்துத் தலைக்கு மேல் எழும். முன்வரிசையில் நிற்காதீர்கள், நனைவீர்கள். கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டு கழித்தும் தரைக்குச் சில மீட்டர் கீழே நூற்றுக்கணக்கான டிகிரிச் சூடு மிச்சமிருக்கிறது. பக்கத்திலேயே உள்ள உணவகத்தில் ஒரு கிணற்றின் வாயில் கம்பி வலை போட்டு, வரும் சூட்டிலேயே இறைச்சி வாட்டுகிறார்கள். உள்ளே உட்கார நேரமில்லை என்றால், கிணற்றை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

திரும்பும் வழியில் லா கெரியா. சாம்பல் மூடிய நிலத்தில் ஆளுயரத்துக்கும் மேல் ஆழமான குழிகளைத் தோண்டி, குழிக்கு ஒரு திராட்சைக் கொடி நட்டிருப்பார்கள். காற்று அடிக்கிற பக்கம் அரைவட்டமாகக் கல் அடுக்கிய சுவர். ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர் அளவு மழை பெய்தாலே பெரிது என்கிற ஊரில் கொடி எப்படிப் பிழைக்கிறது? மேலே கிடக்கும் பொடிச் சாம்பல் இராப்பனியின் ஈரத்தை உறிஞ்சி உள்ளே விடுகிறது, பகலில் அது ஆவியாகாமல் மூடியும் வைக்கிறது. பழைய மண் அந்தச் சாம்பலுக்கு அடியில்தான் இருக்கிறது. கொடியின் வேர் அதை எட்டுவதற்காகத்தான் குழி. நிலத்தைக் கெடுத்த அதே சாம்பலை வைத்து விவசாயம் செய்ய அந்த ஊர்க்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். ஒயின் குடிக்காதவர்களும் அந்தக் குழிகளுக்காக வண்டியை நிறுத்தலாம்.

வடகிழக்கில் இன்னொரு வகை இருக்கிறது: லாவாக் குகை. குழம்பு ஓடும்போது மேல்புறம் ஆறிக் கூரையாகிவிடும், உள்ளே ஓடிக்கொண்டிருப்பது வடிந்து போனதும் சுரங்கம் மாதிரி வெற்றிடம் நிற்கும். கொரோனா என்ற எரிமலையிலிருந்து புறப்பட்ட அப்படி ஒரு குழாய் கடலுக்கடியிலும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அதன் ஒரு பகுதிதான் ஹமேயோஸ் தெல் அகுவா. கடல்நீர் கசிந்து நிற்கும் குளத்தில் நகம் அளவே உள்ள, கண் தெரியாத வெள்ளை நண்டுகள் வாழ்கின்றன. குளத்தில் காசு போடாதீர்கள், உலோகம் கரைந்தால் அவை செத்துவிடும். இதை ஒரு அழகான இடமாக வடிவமைத்தவர் செசார் மன்ரிகே என்ற அந்தத் தீவுக் கலைஞர். அவர் 1992-இல் இறந்தார். பக்கத்தில் உள்ள வெர்தெஸ் குகையின் கடைசியில் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது, அதை நான் சொல்லப்போவதில்லை. திமான்ஃபாயா ஒரு மூலை, குகைகள் மறு மூலை. இரண்டையும் ஒரே நாளில் அடைத்தால் நாள் முழுக்க வண்டிக்குள்தான் இருப்பீர்கள். முதல்முறை என்றால் திமான்ஃபாயாவும் லா கெரியாவும் போதும்.

லா பால்மா இதற்கு நேர் எதிர். இளம் தீவு, இன்னும் வளர்கிறது. 2021 செப்டம்பர் 19 அன்று கும்ப்ரே வியேகா மலைத்தொடரின் மேற்குச் சரிவு பிளந்து, டிசம்பர் 13 வரை 85 நாட்கள் லாவா வந்தது. சுமார் ஏழாயிரம் பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள், மூவாயிரத்துக்கு நெருக்கமான கட்டடங்கள் போயின, தொதோக்கே என்ற ஊரே புதைந்தது. கப்பல் நிற்கும் சாந்தா குரூஸ் தெ லா பால்மா கிழக்குக் கரையில் இருப்பதால், மரப் பால்கனி வீடுகளைப் பார்த்துக்கொண்டு துறைமுகத்திலேயே சுற்றினால் இதன் சுவடே தெரியாது. மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியாக மேற்கே போக வேண்டும், வழி முக்கால் மணி நேரம். தஹுயா தேவாலயத்தின் முன்முற்றம் பார்க்கச் சரியான இடம். வெடிப்பின்போது உலகத் தொலைக்காட்சிகளின் கேமராக்கள் நின்றது அங்கேதான். மலை முகட்டிலிருந்து கடல்வரை கறுப்பு ஒரே பரப்பாக இறங்கி, கடலுக்குள் புதிய நிலமாக நீட்டிக்கொண்டிருக்கும். நடுநடுவே லாவா சுற்றிக்கொண்டு போய் விட்டுவிட்ட துண்டு நிலங்களில் வாழைத் தோட்டம் பச்சையாக நிற்கும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் கறுப்புக்கு அடியில் இருப்பது யாரோ ஒருவரின் சமையலறை. வண்டி ஓட்டி வருகிறவரே வீடு இழந்தவராக இருக்கலாம். திமான்ஃபாயாவில் துள்ளிக் குதித்துப் படம் எடுப்பதுபோல இங்கே எடுக்காதீர்கள். புதிய எரிமலை வாயின் அருகே போக வேண்டுமென்றால் அனுமதி பெற்ற வழிகாட்டியோடுதான் போக முடியும். அதற்குச் சரளையில் நடக்கிற கால் வேண்டும்.

டெனெரீஃப் என்றால் டெய்டே. 3,715 மீட்டர், ஸ்பெயினிலேயே உயரமான சிகரம். இந்தத் தீவிலும் துறைமுகத்தின் பெயர் சாந்தா குரூஸ்தான்; அங்கிருந்து மலையடிவாரத்துக்கு ஒன்றே கால் மணி நேரத்துக்குக் குறையாது. லா எஸ்பெரான்சா வழியாகப் போகும் முகட்டுச் சாலையைக் கேட்டு வாங்குங்கள். கீழே துறைமுகத்தில் மேகம் கவிந்து மப்பாக இருக்கும், 'இன்று ஒன்றும் தெரியாது' என்று தோன்றும். பைன் காட்டுக்குள் ஏறி, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் தாண்டியதும் வண்டி மேகத்தைப் பிளந்துகொண்டு நீல வானத்துக்கு வந்துவிடும். வடகிழக்கிலிருந்து வரும் ஈரக் காற்றை மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று அமுக்கி வைப்பதால் மேகம் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறுவதில்லை. ஆகவே துறைமுகத்து வானிலையைப் பார்த்து டூரை ரத்து செய்யாதீர்கள்.

ரோப் கார் 2,356 மீட்டரில் ஏற்றிக்கொண்டு எட்டு நிமிடத்தில் 3,555 மீட்டரில் இறக்கும். அதற்கு மேல் சிகரம்வரை நடக்கத் தனி அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வாங்க வேண்டும். கப்பல் பயணிக்கு அந்த நேரம் கிடையாது, விட்டுவிடுங்கள். உண்மையைச் சொன்னால் ரோப் காரையே விட்டுவிடலாம். காற்று பலமாக இருந்தால் ஓடாது, ஓடும் நாளில் வரிசை நீளம். கீழே கால்டெரா என்கிற, எரிமலை உள்வாங்கியதால் உண்டான பெரும் பள்ளத்தின் தரையில், ரோக்கெஸ் தெ கார்சியா என்ற பாறைத் தூண்களின் அருகே நின்றாலே பதினேழு கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்த அந்தக் கிண்ணம் முழுதாகத் தெரியும். சிகரத்தில் நின்றால் சிகரம் தெரியாது இல்லையா?

ஏற்கனவே டெய்டே பார்த்தவர்கள் கராச்சிகோவுக்குப் போகலாம். ஒரு காலத்தில் தீவின் முக்கியத் துறைமுகம் அதுதான். 1706-இல் லாவா இறங்கி வந்து துறைமுகத்தை நிரப்பிவிட்டது, வணிகம் வேறு ஊருக்குப் போய்விட்டது. ஊர் அப்படியே அழகாக நிற்கிறது. கடலில் நீட்டிய அந்த லாவாவின் குழிகளில் இப்போது மக்கள் நீந்துகிறார்கள்.

கிரான் கனாரியாவில் நான் நீண்ட டூர் எதுவும் சொல்ல மாட்டேன். கப்பல் நிற்கும் லாஸ் பால்மாஸ் நகரத்திலிருந்து டாக்ஸியில் கிட்டத்தட்ட அரை மணியில் பந்தாமா என்ற எரிமலைப் பள்ளம். ஒரு கிலோமீட்டர் அகலம், இருநூறு மீட்டர் ஆழத்துக்கு வட்டமான பள்ளம், உள்ளே ஒரு பழைய பண்ணை. மேலேயே பார்வை மேடை இருக்கிறது, வண்டி அதுவரை போகும். ஒரு மணி நேரம் போதும். மீதிப் பொழுது லாஸ் காந்தெராஸ் கடற்கரையில்.

மதீராவில் வந்து "எரிமலை எங்கே?" என்று கேட்பவர்கள் அதிகம். கடைசி வெடிப்பு ஆறாயிரம், ஏழாயிரம் ஆண்டுக்கு முந்தியது. மழையும் காலமும் செதுக்கித் தீர்த்த எரிமலை எப்படி இருக்கும் என்பதைத்தான் அங்கே பார்க்க வேண்டும். கப்பல் நிற்கும் ஃபுன்சாலிலிருந்து 1,818 மீட்டர் உயர பிகோ தோ ஆரியேரோவுக்கு வண்டியே போகும். அங்கிருந்து கீழே பாருங்கள்: சிவப்பும் பழுப்புமான சாம்பல் அடுக்குகள், அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சுவர்போல நிற்கும் கறுப்புப் பாறை. பழைய வெடிப்பின்போது விரிசலுக்குள் ஏறிய குழம்பு அங்கேயே உறைந்தது. சுற்றியிருந்த மென்மையான மண் கரைந்து போக அது மட்டும் நிற்கிறது. லான்சரோட்டேவின் அடியில் இப்போது ஒளிந்திருப்பது இங்கே வெட்டவெளியில் இருக்கிறது. அப்புறம் கபோ ஜிராவ், 580 மீட்டர் செங்குத்துப் பாறைமேல் கண்ணாடித் தரை. தலைசுற்றல் உள்ளவர்கள் கம்பிக்கு இந்தப் பக்கமே நிற்கலாம். ஃபுன்சாலுக்கு மேலே உள்ள மோந்தே என்ற ஊரிலிருந்து பிரம்பு வண்டியில் சறுக்கி வருவது வேடிக்கைதான், எரிமலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, கப்பல் டூரா தனியாகவா? என் கணக்கு எளிது. போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், திரும்ப வேறு நல்ல வழியில்லை என்றால் கப்பல் டூர். அதில் போன பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்கள் தனியாகப் போய்த் தாமதித்தால் காத்திருக்காது. இந்தப் பட்டியலில் டெனெரீஃபும் லான்சரோட்டேவும் கப்பல் டூர். லான்சரோட்டேவில் தூரம் பெரிதல்ல, ஆனால் திமான்ஃபாயா வாசலில் தனி வண்டிகளின் வரிசை பகல் பதினொன்றுக்கு மேல் நகராது. கிரான் கனாரியாவும் மதீராவும் தாராளமாகத் தனியாகப் போகலாம்: டாக்ஸிக்காரரிடம் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து மொத்தத் தொகை பேசிவிட்டு ஏறுங்கள், கடைசி ஏறும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே துறைமுகம் திரும்பும்படி சொல்லுங்கள். லா பால்மாவில் அந்த ஊர்க்காரர் ஒருவரின் வண்டி கிடைத்தால் அதுவே மேல்.

கடிகாரத்தில் கவனம். மதீராவும் கனாரித் தீவுகளும் ஒரே நேரம், ஸ்பெயின் பெருநிலம் அதைவிட ஒரு மணி முன்னால். பார்சலோனாவிலோ மாலகாவிலோ கிளம்பிய கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் வைத்திருக்கலாம், உங்கள் கைபேசி தானாக மாறிக்கொள்ளும். இறங்கும் முன் கப்பல் நேரத்தைக் கேட்டு, சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றில் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல்காரர்களே விற்கிறார்கள், அதனால் பத்திரம் என்றும் நினைத்துவிட வேண்டாம். நியூசிலாந்தின் வகாரி தீவு 2019 டிசம்பர் 9 அன்று வெடித்தபோது அங்கே இருந்த 47 பேரில் 22 பேர் இறந்தார்கள். அன்று தீவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பக்கத்துத் துறைமுகத்தில் நின்ற சொகுசுக் கப்பலிலிருந்து டூரில் வந்தவர்கள். மூன்று வாரம் முன்பே அந்த எரிமலையின் எச்சரிக்கை நிலை உயர்த்தப்பட்டிருந்தது. இயங்கும் எரிமலை வாய்க்குள்ளேயே அழைத்துப் போகும் டூர் எதுவாக இருந்தாலும், இன்றைய எச்சரிக்கை நிலை என்ன என்று கேட்காமல் கிளம்பக் கூடாது. உங்கள் பயணத்தில் வரும் இடங்கள் அந்த ரகம் அல்ல. கனாரித் தீவுகளில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் காட்டி அறிவிப்பார்கள். லா பால்மாவில் எட்டு நாள் நில அதிர்வுகளுக்குப் பிறகு, நிறம் மஞ்சளில் இருக்கும்போதே வெடித்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

காலணி மட்டும் மூடியதாக இருக்கட்டும். லாவாவின் முனைகள் உடைந்த கண்ணாடி மாதிரி, கையூன்றி விழுந்தால் கிழித்துவிடும். கல் எதையும் பையில் போடாதீர்கள், பாதுகாக்கப்பட்ட இடங்களில் அது குற்றம். கடற்கரையில் வெயில் அடித்தாலும் ஒரு கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், டெய்டேயிலும் ஆரியேரோவிலும் தேவைப்படும்.

அம்மாவுக்கு இதில் ஆகாதது குறைவுதான். திமான்ஃபாயா பேருந்திலேயே உட்கார்ந்து பார்ப்பது. பந்தாமா மேடை, ஆரியேரோ, தஹுயா முற்றம் மூன்றுக்கும் வண்டி பக்கம்வரை போகும். டெய்டேயில் பாறைத் தூண்களின் பார்வை இடம்வரை அவர் வரலாம். ரோப் காரில் மட்டும் ஏற்ற வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் 3,555 மீட்டர் என்பது மூச்சு வாங்கும் உயரம், மேலே இறங்கியதும் கரடுமுரடான கல் படிதான். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதில் போகக் கூடாது என்று அங்கேயே எச்சரிக்கிறார்கள். லான்சரோட்டே குகைகளில் படி இறங்கி ஏற வேண்டும், அதனாலும் அந்த நாளைக்குத் திமான்ஃபாயாவே சரி. டூர் பதிவு செய்யும்போது பேருந்தின் முன்பக்க இருக்கை வேண்டும் என்று காரணத்தோடு கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.